கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது

'வானெல்லை' தொடரின் கடைசிப் பகுதியை நாவலாக எழுதித் தர வேண்டும் என்று பதிப்பாளர் சொன்னபோது கத்தரி கேட்டது ஒன்றுதான்.

"அதுல எழுதறதுக்கு என்ன சார் இருக்கு?"

கத்தரி அவளுடைய பெயரல்ல. அடுத்தவர் எழுதியதைக் கையில் எடுத்தால் பாதியாக்காமல் கீழே வைக்கமாட்டாள் என்பதால் பதிப்பகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அங்கே அவளுக்குப் பிரதி திருத்தும் வேலை. திரைமறைவில் இரண்டு மூன்று நாவல்களையும் எழுதியிருந்தாள். அட்டையில் வேறு யாருடைய பெயராவது இருக்கும்.

அவள் கேட்டதில் தப்பில்லை. 'வானெல்லை' ஏழு வருடம் ஓடிய விண்வெளித் தொடர். ஒரு விண்கலம், அதற்கு ஒரு கேப்டன், வானத்தின் எல்லையைத் தேடி ஒரு பயணம். ஏழு வருடமும் கேப்டன் வாரம் தவறாமல் தூரத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். கடைசிப் பகுதியில் எல்லை வந்தே விட்டது. அங்கே ஒரு பெரிய கதவு இருந்தது. "முழு வேகம்" என்று கேப்டன் உத்தரவிட்டான். கலம் கதவை முட்டித் தள்ளியது, இன்ஜின் கொதித்தது, இன்ஜின் அறையில் இருந்த பெண் அதோடு போய்ச் சேர்ந்தாள். அதைக்கூடக் காட்டவில்லை. "அவளுடைய தியாகம் வீண்போகாது" என்று கேப்டன் சொன்னதை வைத்து நாமே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்த காட்சியில் அவன் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பில் வந்து நின்றான். கதவு திறந்தது. திரை முழுக்க வெள்ளை. முடிந்தது.

அன்றைக்குக் கத்தரியின் மாமியார் டிவி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தார். "அந்த ஒயரைக் கொஞ்சம் ஆட்டிப் பாரு" என்றார். கத்தரி டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே பணிபுரிந்தவர்களின் பெயர்கள் ஓட ஆரம்பித்தன. மாமியார் வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வாழ்க்கையில் ஒருத்தரும் தன்னை ஏமாற்றியதில்லை என்று சொல்லிக்கொள்வார். அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார்.

"டிவியில புரியாதவங்க எல்லாரும் புத்தகம் வாங்குவாங்க" என்றார் பதிப்பாளர். "புத்தகத்துக்குப் பின்னாடியே ஒலிநூல். படிக்கப்போறது யாருன்னு நினைக்கிறீங்க? இன்ஜினக்கா."

இன்ஜினக்கா என்பது இன்ஜின் அறைப் பெண்ணாக நடித்த நடிகைக்கு ஊரே வைத்த பெயர். தொடரில் மனுஷி மாதிரி பேசிய ஒரே ஆள் அவள்தான்.

கத்தரி வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். முடியாது என்று சொல்லிவிடப்போவதையும் சொன்னாள். மாமியார் மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே வைத்தார்.

"ஒத்துக்கோ."

"எதுக்கு அத்தை? அந்தக் குப்பையில கைய வைக்கச் சொல்றீங்களா?"

"எழுதினா அந்த ஆளை நேர்ல பார்ப்பல்ல? கதவுக்குப் பின்னால என்ன இருந்துச்சுன்னு கேட்டுட்டு வா. எனக்காகக் கேளு."

'அந்த ஆள்' தொடரை உருவாக்கியவர். முகவரி அட்டையில் பெயருக்கு முன்னால் 'படைப்பாளி' என்று அச்சடித்து வைத்திருந்தார். மருத்துவருக்கு டாக்டர் மாதிரி அவருக்குப் படைப்பாளி. அலுவலகத்தில் எல்லோரும் அப்படியே சொன்னார்கள். "படைப்பாளி சாப்பிடறார், உக்காருங்க" என்றாள் வரவேற்பில் இருந்த பெண், சிரிக்காமல்.

அவருடைய அறையில் அவருடைய நாற்காலி உயரமாகவும் வந்தவர்கள் உட்காரும் சோபா பள்ளமாகவும் இருந்தன. சோபாவில் அமிழ்ந்த கத்தரிக்கு மேஜை விளிம்புக்கு மேலே அவருடைய தாடி மட்டும் தெரிந்தது. அவர் வெகுநேரம் மௌனத்தைப் பற்றிப் பேசினார். பிரபஞ்சத்தில் மௌனம்தான் பெரிய மொழி என்றார். நடுவில் மூச்சு வாங்கும் இடம் பார்த்துக் கத்தரி நுழைந்தாள்.

"சார், கதவுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும். நீங்க என்ன நினைச்சு எழுதினீங்க?"

"எல்லாத்துக்கும் பதில் சொன்னா அது கலை இல்ல. கேள்விதான் கலை."

"அப்போ கடைசி அத்தியாயத்துல ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு விட்டுடட்டுமா?"

கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் தாடியைத் தடவியபடி யோசித்தார். "நல்லா இருக்கும். ஆனா பதிப்பாளர் ஒத்துக்கமாட்டார். அவருக்கு ரசனை கம்மி."

கத்தரிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் எதையும் ஒளித்து வைத்திருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. ஏழு வருடம் ஊரையே ஒரு கதவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியவர், அந்தக் கதவைப் பற்றி ஒருநாள்கூட யோசித்ததில்லை.

"சரி, இன்ஜினக்கா உண்மையாவே செத்துட்டாங்களா?"

"செத்துட்டாங்க." இதில் மட்டும் அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நாற்காலியில் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். "புத்தகத்துலயும் சாகணும். மத்தது உங்க இஷ்டம். அது மட்டும் மாறக்கூடாது."

"எப்படிச் செத்தாங்க?"

"அது முக்கியமில்ல."

இன்ஜினக்கா சாக வேண்டிய காரணத்தை வெளியே வரும்போது வரவேற்புப் பெண்ணே சொல்லிவிட்டாள். தனக்குக் கொடுத்த வசனத்துக்கு அர்த்தம் என்ன என்று இன்ஜினக்கா ஒருநாள் எல்லோர் முன்னாலும் படைப்பாளியிடம் கேட்டுவிட்டாளாம். அந்த வாரமே இன்ஜின் கொதிக்க ஆரம்பித்துவிட்டது.

திரைக்கதைப் பிரதி வீட்டுக்கு வந்தது. கத்தரி சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துப் படித்தாள். வசனம் குறைவு. மீதி இடமெல்லாம் குறிப்புகள். 'இங்கே பிரமாண்டம்.' 'இங்கே மௌனம்.' 'இங்கே மறுபடியும் பிரமாண்டம், ஆனால் வேறு மாதிரி.' கதவு திறக்கும் பக்கத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: 'வெள்ளை.'

எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் அந்தப் பக்கத்தைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "லோன் கேட்டு வர்றவன்கூட இதைவிட நல்லா எழுதிட்டு வருவான்" என்றார்.

கத்தரி முதலில் வெட்ட ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது. கேப்டனின் கண்சுருக்கலை எல்லாம் எடுத்தாள். விண்மீன்களைப் பார்த்து அவன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இடங்களை எடுத்தாள். எடுக்க எடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு கலம், ஒரு கதவு, இன்ஜின் அறையில் ஒரு பெண். இந்த மூன்றும்தான் கதை, மற்றதெல்லாம் அலங்காரம் என்று புரிய அவளுக்கு ஒரு மாதம் ஆயிற்று. கதவுக்குப் பின்னால் என்ன என்பது மட்டும் பிடிபடவில்லை. ஒருநாள் தேவதைகளை வைத்தாள். மறுநாள் வெட்கப்பட்டு அழித்தாள். எல்லாம் ஒரு கனவு என்று எழுதிப் பார்த்தாள். அதை மாமியார் படித்துவிட்டு ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை அவளோடு பேசவில்லை.

விடை பதிப்பகத்தின் சமையலறைக் கதவில் கிடைத்தது. இரண்டு பக்கமும் ஆடும் கதவு அது. கத்தரி கையில் காகிதக் கட்டோடு தோளால் தள்ளினாள். திறக்கவில்லை. பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் அழுத்தித் தள்ளினாள். உள்ளேயிருந்து அச்சுக்கோப்புப் பிரிவுக்காரரின் குரல் கேட்டது.

"யாருங்க அது, விடுங்க. நானும் எவ்வளவு நேரமா தள்ளிட்டிருக்கேன்."

கத்தரி தள்ளுவதை விட்டாள். கதவு அவள் பக்கமாகத் திறந்தது. அந்த ஆள் தண்ணீர் டம்ளரோடு வெளியே வந்து அவளை முறைத்துவிட்டுப் போனார். அவள் அங்கேயே நின்றாள்.

அன்றிலிருந்து எழுத்து ஓடியது. வானத்தின் கடைசிக் கதவுக்கு அந்தப் பக்கமும் ஒரு கலம் இருந்தது. அதிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களும் தங்கள் வானத்தின் எல்லைக்கு வந்து, ஒரு கதவைப் பார்த்து, முழு வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் தள்ளியதால்தான் அது திறக்கவில்லை. கேப்டன் மேல்தளத்தில் நின்று "இன்னும் வேகம்" என்று கத்திக்கொண்டேயிருக்கிறான். கீழே இன்ஜின் அறையில் அந்தப் பெண் சுவரில் கை வைத்துப் பார்க்கிறாள். அதிர்வு தன் இன்ஜினுடையது மட்டுமில்லை, எதிர்ப்பக்கத்திலிருந்தும் வருகிறது என்று அவளுக்குத் தெரிகிறது. உத்தரவை மீறி இன்ஜினை அணைக்கிறாள். கதவு திறக்கிறது.

படைப்பாளி போட்ட ஒரே நிபந்தனைக்காக அதற்கடுத்த பக்கத்தில் அவளைச் சாகடித்தாள். மாமியார் பிரதியை முழுக்கப் படித்துவிட்டு, "கதவு சரி. அந்தப் பொண்ணு விஷயம் சரியில்ல" என்றார். எது சரியில்லை என்று சொல்லவில்லை. கத்தரியும் கேட்கவில்லை, ஏனென்றால் அவளுக்கே தெரியும்.

படைப்பாளியின் ஒப்புதல் போனில் வந்தது. உதவியாளர் பேசினார். "சார் பார்த்துட்டார். அந்தம்மா சாகுறாங்கல்ல?"

"சாகுறாங்க."

"அப்போ அச்சுக்கு அனுப்பிடலாம்னு சொல்லிட்டார்."

புத்தகம் அச்சுக்குப் போனது. அட்டையில் படைப்பாளியின் பெயர் கலத்தை விடப் பெரிதாக இருந்தது. கத்தரியின் பெயர் உள்பக்கத்தில், காகிதம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லும் வரிக்கு மேலே, 'எழுத்தாக்கம்' என்று கண்ணாடி போட்டுத் தேடும் அளவில் இருந்தது.

அடுத்த வாரம் ஒலிப்பதிவு. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை, நடுவில் ஒலிவாங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் கத்தரியும். இன்ஜினக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, வளையலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். டிவியில் பார்த்ததை விட வயது கூடுதலாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தாள். கேப்டனின் வசனங்களை மூக்கடைத்த குரலில் படித்தாள். "அவன் நிஜத்துலயும் இப்படித்தான் பேசுவான். ஸ்டுடியோவுல ஏசி ஒத்துக்காது" என்றாள். இன்ஜின் அறைப் பகுதி வந்தபோது குரல் தணிந்தது. சுவரில் கை வைக்கும் இடத்தில் நிஜமாகவே மேஜையில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு படித்தாள். கத்தரிக்குத் தான் எழுதியதுதானா அது என்று சந்தேகம் வந்தது.

அடுத்த பக்கத்தில் இன்ஜினக்கா நிறுத்தினாள். கண்ணாடி வழியாகக் கத்தரியை உள்ளே வரும்படி சைகை காட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும்மா. இவ இன்ஜினை அணைச்சிட்டா."

"ஆமா."

"அணைச்ச இன்ஜின்ல எப்படிச் சூடு ஏறுது? இவ எதுல வெந்து சாகுறா?"

கத்தரி பிரதியை இழுத்து அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள்.

"இவ செத்தது எனக்குப் பிரச்சினை இல்லம்மா. டிவியில செத்தேன், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். ஆனா அங்க சும்மா செத்தேன். இங்க நீங்க இவளைப் புத்திசாலியா எழுதிட்டு, அடுத்த பக்கமே முட்டாளாக்கிக் கொல்றீங்க. அதை என் வாயால படிக்கணுமா?"

"அது மட்டும் மாறக்கூடாதுன்னு அவர் சொல்லிட்டாருக்கா."

"புத்தகத்துல தானே?"

அந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர் எட்டிப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. "என்னங்க இது, புத்தகத்துல செத்தவ ஒலிநூல்ல பிழைப்பாளா? அவர் கேட்டா என்ன பண்றது?"

"கேக்கமாட்டார்" என்றாள் இன்ஜினக்கா. "ஏழு வருஷம் கூட இருந்தவ சொல்றேன். அவர் பேசறது மட்டும்தான் அவர் காதுல விழும்."

பதிப்பாளர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நான் வரவே இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் வாழ்க்கையில் எடுத்த தைரியமான முடிவு அதுதான் என்று கத்தரி பிற்பாடு சொல்வாள்.

அங்கேயே, பிரதியின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதுவதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இன்ஜின் அணைந்ததும் கலம் முழுக்கச் சத்தம் அடங்குகிறது. மேல்தளத்தில் கேப்டன், அவள் செத்துவிட்டாள் என்று தானாகவே முடிவு செய்து, எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து இரங்கல் உரை ஆற்ற ஆரம்பிக்கிறான். தியாகம் என்கிறான், விண்மீன் என்கிறான், தன்னுடைய தனிமையைப் பற்றி நிறையவே பேசுகிறான். அவள் ஏணியில் ஏறி மேலே வந்து, கையைத் துடைத்தபடி, வரிசையின் கடைசியில் நின்று உரை முழுவதையும் கேட்கிறாள். அவன் முடித்ததும் சொல்கிறாள்: "ஆச்சா? அந்தப் பக்கத்து ஆளுங்க ரொம்ப நேரமா வாசல்ல நிக்கிறாங்க. உள்ள வாங்கன்னு சொல்லுவோம்."

முதல் முறை படித்தபோது ஒலிப்பதிவாளர் சிரித்துவிட்டதால் பதிவு வீணானது. இரண்டாவது முறை இன்ஜினக்காவே சிரித்துவிட்டாள்.

புத்தகம் கடைகளில் கிடந்தது. ஒலிநூல் ஊரெல்லாம் போனது. பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள், பாத்திரம் தேய்க்கும்போது கேட்டார்கள், தையல் கூடத்தில் மொத்தமாக ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்கள். "ஆச்சா? உள்ள வாங்கன்னு சொல்லுவோம்" என்பது ஜனங்கள் வாயில் ஏறிவிட்டது. நீட்டி முழக்கும் மேலதிகாரிகளுக்குப் பின்னால் நின்று ஊழியர்கள் அதை முணுமுணுத்தார்கள்.

படைப்பாளிக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். வைக்காமல் இருப்பார்களா? அரங்கம் நிரம்பி வழிந்தது. கத்தரியும் இன்ஜினக்காவும் முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் நல்ல புடவை கட்டிக்கொண்டு நடுவில். மேடையில் படைப்பாளி ஒரு ஒற்றை விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தார். அப்படி விளக்கு வைக்கச் சொன்னது அவர்தான்.

"ரெண்டு பக்கமும் தள்ளிக்கிட்டிருக்காங்கங்கிற அந்த யோசனை எப்படி சார் வந்துச்சு?" என்று ஒரு செவிலியர் எழுந்து கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் குரல் நெகிழ்ந்தது.

படைப்பாளி நெற்றியைச் சுருக்கினார். யார், எதைத் தள்ளுகிறார்கள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை என்று முன்வரிசைக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் அவருக்கு எதையும் புரிந்துகொண்டு பேசும் பழக்கம் இல்லாததால் தடங்கல் ஏதும் ஏற்படவில்லை.

"அது முதல் நாளே என் மனசுல இருந்துச்சு" என்றார். "ஏழு வருஷம் அதைச் சுமந்துட்டிருந்தேன்."

கைதட்டல். மாமியார் கத்தரியின் முழங்கையைப் பிடித்தார். எழுந்திருக்கப் போகிறாள் என்று பயந்து பிடித்தாரா, தானே எழுந்துவிடாமல் இருக்கப் பிடித்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

இன்னொருவர் எழுந்தார். "புத்தகத்துல இன்ஜினக்கா செத்துடறாங்க. ஒலிநூல்ல உயிரோட இருக்காங்க. எது சார் உண்மை?"

படைப்பாளி முதல்முறையாக முன்வரிசையைப் பார்த்தார். உயிரோடு உட்கார்ந்திருந்த இன்ஜினக்காவைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் கூப்பிப் பணிவாக வணக்கம் வைத்தாள்.

"ரெண்டும்தான்" என்றார் அவர். "ரெண்டும் உண்மை. அதுதான் விஞ்ஞானம்."

அதற்கும் கைதட்டினார்கள். முன்னதை விட அதிகமாகவே. கத்தரி தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது சிரிப்பு. அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

பிறகு அந்தக் கடைசிப் பகுதியைப் படிக்கச் சொல்லி ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். இன்ஜினக்கா மேடையேறினாள். காகிதம் இல்லாமலே சொன்னாள். கேப்டனின் இரங்கல் உரைக்கு அவள் மூக்கடைத்த குரலை எடுக்கவில்லை. தாடியைத் தடவுகிறவர்களின் நிதானமான, கனத்த குரலை எடுத்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அரங்கம் குலுங்கியது. படைப்பாளியும் சிரித்தார், மற்றவர்களை விட ஒரு நொடி பிந்தி. தன் முடிவை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். பிடித்திருந்தது என்றுதான் தோன்றியது.

விழா முடிந்து நடைபாதையில் கத்தரியைப் பார்த்ததும் தோளில் தட்டினார்.

"அந்த இடம் நல்லா வந்திருக்கு. அந்தப் பொண்ணு சாகக்கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன் பாருங்க."

"இல்ல சார். சாகணும்னுதான் சொன்னீங்க. அது மட்டும் மாறக்கூடாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேனா?" அவர் நிஜமாகவே யோசித்தார். நடிப்பில்லை. அந்த முகத்தில் எங்கே தேடினாலும் பொய் இல்லை. பொய் சொல்வதற்கு உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும். கத்தரி எத்தனையோ நாள் தனக்குள் சேர்த்து வைத்திருந்த வசவுகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். "சரி விடுங்க" என்றார் அவர். "எட்டாவது வருஷம் எடுக்கலாம்னு டிவிக்காரங்க கேக்கறாங்க. நீங்க எழுதுங்க. அவங்களும் வரட்டும்."

"என் பெயர் எங்க சார் வரும்?"

"பெயரா?" என்றார். அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதே, அதை எதற்குத் தன்னிடம் கேட்கிறாள் என்பது போலப் பார்த்தார்.

கத்தரி முடியாது என்று சொல்லிவிட்டாள். இன்ஜினக்கா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, மறுநாள் காலையில் முடியாது என்றாள். அவளுக்கு இப்போது ஒலிநூல் வேலை வரிசைகட்டி நின்றது. அடுத்ததாகக் கத்தரி சொந்தப் பெயரில் எழுதப்போகும் ஒன்றைப் படிக்க ஒத்துக்கொண்டிருந்தாள். அது எதைப் பற்றி என்று கத்தரிக்கே இன்னும் தெரியாது.

எட்டாவது வருடம் அவர்கள் இல்லாமலே ஆரம்பித்தது. முதல் பகுதி அன்று இன்ஜினக்கா பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தாள். மூன்று பெண்களும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நீண்ட நடைபாதை இருந்தது. அதன் முடிவில் இன்னொரு கதவு இருந்தது.

"அடப்பாவி" என்றாள் இன்ஜினக்கா.

கேப்டன் அந்தக் கதவைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். புதிதாகச் சேர்த்த இன்ஜின்காரி, இன்ஜின் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவள் போல எதிர்த்திசையில் ஓடினாள். கத்தரி அவள் ஓடுவதைப் பற்றி ஒன்று சொன்னாள். இன்ஜினக்கா அவள் முடியைப் பற்றி ஒன்று சொன்னாள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒலியைக் கூட்டினார்.

"கொஞ்சம் சும்மா இருங்கடி. என்ன சொல்றான்னு கேக்க விடுங்க."